பொரி போட்டது யார்?

புளோரிடாவுக்குக் குடிவந்து ஆறு மாதமே ஆன ஒருவர், இங்கே குழந்தை குட்டியோடு மனிதன் வாழ முடியாது என்று சென்ற இதழில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. அவர் சொல்வதை நாலு வரியில் அடக்கிவிடலாம். வீட்டுக்கு வீடு பின்னால் குளம், குளத்துக்குக் குளம் முதலை, ஆண்டுதோறும் அவை ஆட்களைத் தின்கின்றன. அரசாங்கம் முதலையைச் செல்லப்பிள்ளை மாதிரி காப்பாற்றிக்கொண்டு மனிதனைக் கைவிட்டுவிட்டது. மனிதன் இருக்கும் இடத்துக்குள் முதலை புகுந்துவிட்டதால் ஊருக்குள் ஒன்றுவிடாமல் ஒழிக்க வேண்டும். நம் ஊரில் இப்படி மிருகங்களோடு குடித்தனம் நடத்திப் பழக்கமில்லை, ஆகவே தமிழர்கள் யாரும் இந்தப் பக்கம் வீடு வாங்க வேண்டாம்.

நாலும் தப்பு. தப்பு என்பதைவிட மோசம், நாலில் எதையும் அவர் ஐந்து நிமிடம் செலவழித்துச் சரிபார்க்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவர் வீட்டுக்குள் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல்.

அவருடைய பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், டாம்பாவுக்கு வடக்கே இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது, பின்வாசலில் நின்று குளத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரை ஓரம் ஒரு கட்டை மிதந்தது. கட்டைக்கு முன்னால் இரண்டு குமிழ், அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னும் இரண்டு. கொக்கு ஒன்று பக்கத்தில் வந்து இறங்கியதும் பின்னால் இருந்த இரண்டு குமிழும் மெல்ல மூடித் திறந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மாள் சாவியை ஆட்டிக்கொண்டே, புளோரிடாவில் தண்ணீர் தெரிந்தால் முதலை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பயம் வருவது இயல்பு. வந்த பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் அவரும் நானும் பிரிகிறோம்.

முதலில் எந்த மிருகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் நமக்கு எல்லாமே முதலைதான். கட்டுரையாளர் இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார். அவர் சொல்லும் குலைநடுங்க வைக்கும் கதைகளில் ஒன்று ஆப்பிரிக்க ஆற்றங்கரையில் நடந்தது, இன்னொன்று ஆஸ்திரேலியாவின் வடக்கில். அங்கே இருப்பவை நைல் முதலையும் உவர்நீர் முதலையும். மனிதனை இரையாகப் பார்க்கத் தயங்காத ஜாதி. இங்கே குளங்களில் கிடப்பது அலிகேட்டர், உள்ளூர்க்காரர்கள் வாயில் ‘கேட்டர்’. அகன்று மழுங்கிய மூக்கு, கறுத்த உடம்பு, பெரும்பாலும் மனிதனைக் கண்டால் தண்ணீருக்குள் அமிழும் சுபாவம். அசல் முதலையும் புளோரிடாவில் உண்டு. தெற்குக் கோடியில், எவர்கிளேட்ஸ் சதுப்புநில ஓரத்து உப்பங்கழிகளில், கூச்ச சுபாவத்தோடு ஒதுங்கி வாழ்கிறது. இரண்டும் ஒரே நிலத்தில் இயற்கையாக வாழ்வது உலகத்திலேயே தெற்கு புளோரிடாவில் மட்டும்தான். ஆறு மாதம் இங்கே இருந்தவருக்கு இந்த அதிசயம் கண்ணில் படவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு முதலையை இறக்குமதி செய்துகொண்டார்.

இனி கணக்குக்கு வருவோம். ஆண்டுதோறும் ஆட்களைத் தின்கின்றன என்கிறார். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. எண் வந்தால் பயம் ஓடிவிடும் என்று தெரிந்துதான் விட்டிருக்கிறார் போலும். நான் சொல்கிறேன். 1948 முதல் 2022 வரை, எழுபத்தைந்து ஆண்டில், சீண்டாமலேயே அலிகேட்டர் மனிதரைக் கடித்த சம்பவங்கள் என்று மாநில வனவிலங்கு ஆணையம் பதிவு செய்திருப்பவை 453. அதில் உயிர் போனவை 26. மூன்று ஆண்டுக்கு ஒன்று. இந்த மாநிலத்தில் அலிகேட்டர்கள் ஏறக்குறைய 13 லட்சம். 67 மாவட்டத்தில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் பதினேழு பதினெட்டு பேருக்கு ஒரு முதலை. அப்படியிருந்தும் இங்கே வசிப்பவர் ஒருவர் சீண்டாத முதலையால் பலத்த காயமடையும் வாய்ப்பு 31 லட்சத்தில் ஒன்று என்கிறது அதே ஆணையம். மனிதனைத் தின்பதே தொழில் என்றால், 13 லட்சம் தொழிலாளிகள் எழுபத்தைந்து வருடமாக வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதே புளோரிடாவில் சாலை விபத்தில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேல் சாகிறார்கள். முக்கால் நூற்றாண்டில் முதலை எடுத்த உயிர்களை சாலை நாலு நாளுக்குள் எடுத்துவிடுகிறது. தண்ணீரில் மூழ்கி 2021இல் மட்டும் இறந்த குழந்தைகள் 98. ஒன்றிலிருந்து நாலு வயது வரையான குழந்தைகளை இங்கே அதிகமாகக் கொல்வது நீரில் மூழ்குவதுதான். அதில் பெரும்பங்கு வீட்டு நீச்சல்குளம். கட்டுரையாளர் வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது. கட்டுரையோடு வந்த புகைப்படத்தில் அவர் அதன் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூரத்துக் குளத்தைக் கவலையோடு பார்க்கிறார். பக்கத்தில் அவருடைய சின்ன மகன். நீச்சல்குளத்தைச் சுற்றி வேலி எதுவும் படத்தில் தெரியவில்லை.

அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருப்பார். காரில் தினமும் போகிறோம், குளத்தில் யார் தினமும் இறங்குகிறார்கள், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்பார். நல்ல கேள்வி. குளத்தில் யாரும் இறங்குவதில்லை, அதனால் யாரும் சாவதில்லை. சாலையை விட்டு ஒதுங்கி இந்த ஊரில் ஒருநாள்கூடப் பிழைப்பு நடத்த முடியாது. குளத்தை விட்டு ஒதுங்கி ஆயுசு முழுக்க சௌக்கியமாக இருக்கலாம். இதைவிட மலிவான பாதுகாப்பு எந்த ஆபத்துக்கு உண்டு? அவருடைய ஆட்சேபணையே என் வாதத்துக்குச் சாட்சி சொல்கிறது.

இறந்தவர்களை வெறும் எண்ணாக்கிவிட்டு நகர்வதில் எனக்கும் உடன்பாடில்லை. அவர் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார், இரண்டும் உண்மை. 2016 ஜூனில், டிஸ்னி விடுதி ஒன்றின் செயற்கைக் கடற்கரையில், இரவு ஒன்பது மணி சுமாருக்கு, கரையோரத் தண்ணீரில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை அலிகேட்டர் இழுத்துப் போனது. 2023 பிப்ரவரியில், ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில், குளத்தங்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த 85 வயது மூதாட்டியைப் பத்தடிக்கு மேல் நீளமுள்ள ஒன்று கொன்றது. படிக்கும்போதே நெஞ்சு அடைக்கும் செய்திகள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே தண்ணீரின் விளிம்பு. ஒன்று இருட்டிய நேரம், சின்ன உருவம். இன்னொன்றில் கூடவே ஒரு நாய், அதாவது முதலை வழக்கமாகப் பிடிக்கும் இரையின் அளவு. டிஸ்னியில் அன்று இருந்த பலகை நீந்தக்கூடாது என்று மட்டும் சொன்னது. முதலை என்ற வார்த்தையே அதில் இல்லை. வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரியும்? பிறகுதான் தடுப்பும் முதலைப் படம் போட்ட பலகையும் வந்தன. சொல்ல வேண்டியதை வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் அங்கே நடந்த குற்றம். நம் கட்டுரையாளரும் ஆறு பக்கத்தில் அதைச் சொல்லவில்லை. இருட்டியபின் கரைக்குப் போகாதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை நானே நகல் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்திருப்பேன்.

வரி எழுதவில்லை என்றும் சொல்ல முடியாது, ஒரு யோசனை எழுதியிருக்கிறார். முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமாம், நேராக ஓடினால் மணிக்கு முப்பது மைல் வேகத்தில் பிடித்துவிடுமாம். இது புளோரிடாவின் பழைய பாட்டிக்கதை. தரையில் அலிகேட்டரால் அந்த வேகமெல்லாம் ஓட முடியாது. கொஞ்ச தூரம் பாயும், மூச்சு வாங்கி நின்றுவிடும். தரையில் மனிதனைத் துரத்திக்கொண்டு ஓடுவதும் அதன் வழக்கமில்லை. தண்ணீரோரம் பதுங்கிக் கிடந்து பிடிப்பதுதான் வழக்கம். தண்ணீருக்குள் முதலைக்கு இருக்கிற பலம் கரையேறினால் இல்லை என்று திருக்குறளில் இடனறிதல் அதிகாரம் படித்த பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அப்படி எப்போதாவது நேர்ந்தால், தண்ணீருக்கு எதிர்த்திசையில் நேராக ஓடுவதுதான் வழி. வளைந்து ஓடுகிறவன் ஓடிய தூரம் குறைவு, கால் இடறி விழ வாய்ப்பு அதிகம். உயிர் காக்க யோசனை சொல்கிறேன் என்று வந்தவர் உயிரோடு விளையாடியிருக்கிறார்.

அடுத்தது அரசாங்கச் செல்லப்பிள்ளை வாதம். மத்திய அரசின் பட்டியலில் அலிகேட்டர் பெயர் இன்னும் இருக்கிறது, ஆகவே தொட்டால் ஜெயில், அதனால்தான் பெருகிவிட்டது என்கிறார். பட்டியலில் பெயர் இருப்பது நிஜம். ஏன் இருக்கிறது என்று அடுத்த வரியைப் படித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். தோலுக்காகக் கண்மண் தெரியாமல் வேட்டையாடியதில் அருகிப்போனதால், 1962இல் புளோரிடா வேட்டையை நிறுத்தியது. 1967இல் அழியும் இனம் என்று அறிவித்தார்கள். இருபதே ஆண்டில், 1987இல், முழுதாக மீண்டுவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் பட்டியலில் வைத்திருக்கும் காரணம், உரித்த தோல் நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் மற்ற முதலைகளின் தோலைப் போலவே இருக்கும் என்பதுதான். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைக் கடத்திவிடக்கூடாது என்ற எச்சரிக்கை. உருவ ஒற்றுமைக்காக வாங்கிய இடத்தை உயிர்ப் பாதுகாப்பு என்று படித்துவிட்டார்.

நடப்பில் என்ன? 1988 முதல் ஆண்டுதோறும் அனுமதிச் சீட்டோடு வேட்டைப் பருவம் நடக்கிறது. தொந்தரவு தரும் முதலைகளுக்கென்று மாநிலம் தனித் திட்டமே 1978 முதல் நடத்துகிறது. நாலடிக்குக் குறையாத ஒன்று ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ சொத்துக்கோ ஆபத்தாகத் தெரிகிறது என்று போன் போட்டால், ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பிடித்துக்கொண்டு போவார். பிடித்ததை வேறு குளத்தில் கொண்டு விடுவதில்லை, பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். கொண்டு விட்டால் வந்த இடத்துக்கே திரும்பிவரப் பார்க்கும், வழியில் இன்னொரு வீட்டு வாசலில் நிற்கும். புது இடத்திலும் ஏற்கெனவே முதலை இருக்கும். தோலும் கறியும் பிடித்தவர் கூலியில் சேரும். இப்படி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போகின்றன. செல்லப்பிள்ளையை யாராவது உரித்துக் கூலியாகக் கொடுப்பார்களா?

மூன்றாவதாக, நம் இடத்துக்குள் முதலை புகுந்துவிட்டது என்கிற புலம்பல். யார் இடத்துக்குள் யார் என்று கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பார்ப்போம். புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய பாதியை இருநூறு வருடத்தில் வடித்து, வாய்க்கால் வெட்டி, மேடாக்கி, மனை போட்டு விற்றுவிட்டார்கள். தட்டையான நாடு, நாலு முழம் தோண்டினால் ஊற்று. மழை கொட்டினால் ஓட இடமில்லை. அதனால் புதுக் குடியிருப்பு கட்டுகிறவர் மழைநீரைத் தேக்கித் தெளியவைக்கக் குளம் வெட்டியாக வேண்டும். வெட்டிய மண்ணை வீட்டு மனைகளுக்குப் போட்டு உயர்த்துவார்கள். நீங்களும் நானும் நிற்கும் தரை அந்தக் குளத்திலிருந்து வந்தது. சதுப்பை அழித்தவர்கள் அதே இடத்தில் ஆயிரக்கணக்கில் குட்டிச் சதுப்புகளைத் தோண்டி வைத்தார்கள். பழைய குடி திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளத்தைப் பார்த்த மனை என்றால் விலை கூட. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கான டாலர் கூடுதலாகக் கொடுத்து அந்த மனையைப் பிடிப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், பார்த்தீர்களா தண்ணீரை என்று காட்டுவார்கள். பாலைக் காய்ச்சிக் குடித்த பிறகுதான் தண்ணீரில் ஒருவர் ஏற்கெனவே குடியிருப்பது தெரியவரும். உடனே குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார். காட்சிக்குக் காசு கொடுத்தீர்கள், அந்தக் காட்சியில் முதலையும் சேர்த்தி. கொக்கு வேண்டும், நாரை வேண்டும், முதலை மட்டும் வேண்டாம் என்றால் நடக்காது. எவர்கிளேட்ஸில் மழையில்லாத வறண்ட மாதங்களில் கேட்டர் தோண்டி வைத்த குழியில்தான் மீனும் ஆமையும் உயிரோடு கிடக்கும், நாரைகள் அங்கேதான் பசியாறும். கூடு கட்டும் பறவைகள் முதலை நடமாடும் தண்ணீருக்கு மேலிருக்கும் மரத்தையே தேடிப் போகும். மரமேறி முட்டை திருடும் ரக்கூன் அந்தத் தண்ணீரில் கால் வைக்க யோசிக்கும். அவர் படம் எடுத்துப் போட்டிருக்கும் கொக்குக் குஞ்சுகளுக்கு வாசல் காவலாளி யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

குளத்தைச் சுத்தமாகக் காலி செய்தாலும் பயனில்லை. ஒன்று போன இடத்துக்கு அடுத்த மழையில் இன்னொன்று வரும். வெள்ளக் குழாய்கள் குளத்தைக் குளத்தோடு இணைக்கின்றன. வசந்தத்தில் இணை தேடி அலையும் காலத்தில் அவை சாலையைக் கடந்தும் நடக்கும். பழகிப் பயந்த ஒன்றைக் கொன்றுவிட்டு, பழகாத புதிய ஒன்றுக்கு இடம் கொடுப்பதுதான் ஒழிப்புத் திட்டத்தின் பலன்.

மற்ற மிருகங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. சீக்கிரம் முடிக்கிறேன். கறுப்புக் கரடியால் புளோரிடாவில் ஒரு மனிதர் இறந்ததாக முதன்முதல் பதிவானது 2025 மே மாதம்தான். அதற்கு முன் ஒன்றுமில்லை. சிறுத்தை போல் அவர் வர்ணிக்கும் பாந்தர், இருநூறு சொச்சம்கூடத் தேறாத பாவப்பட்ட பிராணி. அது மனிதரைக் கொல்லவில்லை, நம் கார்தான் அதைக் கொல்கிறது. காட்டில் திரியும் பர்மிய மலைப்பாம்பு எவரையும் கொன்றதாக இங்கே பதிவில்லை. ஆசைக்கு வாங்கி வளர்த்து அலுத்துப்போன மனிதர்கள் கைவிட்டதில் பெருகிய இனம் அது. எவர்கிளேட்ஸில் ரக்கூன்கள் கண்ணில் படுவதை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டது என்று 2012இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. வேட்டி கட்டியவனை விட்டுவிட்டு ஓணானைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

இப்போது நாலாவது வாதம். என்னைப் பேனா எடுக்க வைத்தது இதுதான். நம் ஊரில் இப்படிப் பழக்கமில்லையாம்.

எந்த ஊர் ஐயா அது? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர், ஆண்டுக்கு 58,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, சாவது ஏறக்குறைய ஐந்து பேர். புளோரிடாவில் ஆறு வகை விஷப்பாம்பு என்று பீதி கிளப்புகிறவர், நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வரப்பில் நெளியும் மண்ணிலிருந்து வந்திருக்கிறார். அங்கே நாற்று நடுகிற பெண்களும் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் கட்டுரை எழுதவில்லை. கையில் டார்ச்சும் காலில் கவனமுமாகப் போய்வருகிறார்கள். இவருக்குப் பழக்கமில்லாதது பாம்பா, அந்த வயலா?

முதலைதான் பேச்சு என்றால் சிதம்பரத்துக்கு வாருங்கள். பழைய கொள்ளிடக் கரையோரக் கிராமங்களில் ஆற்றில் குளிக்கவும் மாடு கழுவவும் இறங்குகிறவர்களுக்கு முதலை அன்றாடச் செய்தி. கடிபட்டவர்களும் உயிர்விட்டவர்களும் அங்கே உண்டு. ஊருக்குள் வந்ததை வனத்துறை பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டு விடும். அந்த மக்களின் பயம் நியாயமான பயம். அவர்களுக்கு வீட்டில் குழாய் இல்லை, ஆற்றில் இறங்கியாக வேண்டும். அவர்கள் கேட்பது படித்துறைக்குத் தடுப்பு, ஊருக்குத் தண்ணீர்க் குழாய். உங்களுக்கோ இரண்டரை குளியலறை. கொள்ளிடக் கரைப் பெண்மணியின் பயத்தை இரவல் வாங்கி நீச்சல்குளத்து நாற்காலியில் உட்கார்ந்து அணிந்துகொள்வது அழகில்லை. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுக்கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு, முதலையோடு பழக்கமில்லை என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னும் ஒன்று. 2017 ஜனவரியில் இதே புளோரிடா அரசும் புளோரிடா பல்கலைக்கழகமும் மலைப்பாம்பைப் பிடிக்க உதவி கேட்டு ஆள் அழைத்தன. யாரை? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் வண்டியில் சுற்றிச் சுற்றிக் காணாததை, இவர்கள் புல் மடங்கியதையும் மண்ணில் கிடந்த தடத்தையும் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்பு. அதில் ஒன்று பதினாறடிப் பெண். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மிருகத்தோடு வாழத் தெரியாத இனம் என்று அவர் எழுதுகிற இனத்திலிருந்து, மிருகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க இந்த மாநிலமே விமானச் சீட்டு அனுப்பி இரண்டு பேரை வரவழைத்தது. பழக்கமில்லை என்பது அவருடைய சொந்த வாக்குமூலம். அதில் ஊரைச் சேர்க்க வேண்டாம்.

மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். அவரும் விடமாட்டார் என்று தெரியும். ஆகவே அவருடைய ஆறு பக்கத்தில் விடுபட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் இருந்தாள். சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடை. கையில் இந்தியக் கடையில் வாங்கிய பொரி பாக்கெட். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த கை, தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்குமா? பொரிக்கு மீன் வந்தது, மீனுக்கு ஆமை வந்தது. பேரன் கைதட்டினான். பக்கத்து வீட்டில் ஒருவர் மீன் அரிந்த கழிவை அதே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள் அம்மா வேகமாக வீட்டுக்குள் வந்தாள். பொரி போட நின்றதும் நடுக்குளத்திலிருந்து ஒரு கட்டை நேராகக் கரைக்கு வந்ததாம்.

சங்கத்தில் சொன்னோம், சங்கம் போன் போட்டது. மறுநாள் பிக்கப் வண்டியில் ஒருவர் வந்தார். அறுபது வயசு இருக்கும், வெயிலில் காய்ந்த முகம். தெருவே கரையில் கூடிவிட்டது. அவர் தூண்டிலை எடுக்கவில்லை. முதலில் கரையோரம் போய்ச் சும்மா நின்றார். தண்ணீரில் கிடந்தது திரும்பி அவரை நோக்கி நீந்தி வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காட்டுக் குணம் மாறாத கேட்டர் மனிதனைப் பார்த்தால் போய்விடும், இது வருகிறது என்றார். திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். யார் இதற்குத் தீனி போட்டது?

முதலைக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். அதைவிட, அது முதலைக்கு மரண தண்டனை. மனிதன் என்றால் சாப்பாடு என்று ஒருமுறை பழகிவிட்டால் அது கரைக்கு வரும், கரைக்கு வந்தால் போன் போகும். மீனுக்கோ வாத்துக்கோ போட்டாலும் அதே கதைதான். பதினைந்து பேர் நின்றிருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மூன்று முள் கொக்கியை வீசி அரை மணி நேரத்தில் கரைக்கு இழுத்துவிட்டார். ஏழடி. வாயைச் சுற்றிக் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். கடிக்கும்போதுதான் அதன் தாடைக்கு அசுர பலம், திறக்கும் பலம் குறைவு, மூடிய வாயைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று பையன்களுக்கு விளக்கினார். வண்டியில் ஏற்றும்போது அதன் வயிறு தெரிந்தது. வெளுத்த மஞ்சள், சின்னச் சின்னக் கட்டமாக, பாய் முடைந்த மாதிரி. வண்டி போய்விட்டது.

தமிழர் சங்கப் பொங்கல் விழாவிலும், புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வழிகாட்டுத் தாளிலும் சேர்க்க வேண்டியது இதுதான். குளத்தில் இறங்காதே, குழந்தையை விளிம்பில் விடாதே. பொழுது சாய்ந்தபின் கரையோரம் நடக்காதே, நாயைக் கயிற்றில் பிடி. நீச்சல்குளத்துக்கு வேலி போடு. எந்தத் தண்ணீரிலும் எதற்கும் எதையும் போடாதே. அரைப் பக்கம்கூட வராது. இதை எழுத வேண்டிய இடத்தில்தான் ஒருவர் ஒழிப்புப் பரணி பாடியிருக்கிறார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள், “அதை எங்கேடா கொண்டுபோய் விடுவாங்க?”

“வேற குளத்துலம்மா” என்றேன்.

“மீனுக்குத்தானே போட்டேன்” என்றாள். பொரி பாக்கெட் பாதிக்கு மேல் மீதமிருந்தது. கழுவும் தொட்டி மேல் ஜன்னலில் ரொம்ப நாள் அப்படியே இருந்தது. அதை அவளும் தொடவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை.